பூட்டின் செலவு யார் கணக்கில்?

கணினியில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டுகளைப் பற்றிய வரலாற்றில் நம் ஆக்லாந்துக்கும் ஓர் இடம் உண்டு.

2006 டிசம்பரில், ஆக்லாந்து பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையைச் சேர்ந்த பீட்டர் குட்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். விண்டோஸ் விஸ்டா பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 ஜனவரி 30 அன்று. அதில் வைத்த பூட்டுகளுக்கு ஆகும் செலவை ஆராய்ந்தது அந்தக் கட்டுரை. கணக்கெழுதும் தொழிலில் இருப்பதால் அந்தக் கோணம் என்னைக் கவர்ந்தது.

புளூ-ரே, எச்.டி. டிவிடி தட்டுகள் வந்த நேரம் அது. திருட்டு நகலுக்கு அஞ்சிய திரைப்பட நிறுவனங்கள் பாதுகாப்பு கேட்டன. மைக்ரோசாஃப்ட் அதை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்தது. படம் திரையைச் சேரும் வழியெங்கும் சோதனை. கணினித் திரை பழையதாக இருந்தால் படத்தின் தெளிவு குறையலாம், ஓடாமலும் போகலாம்.

இந்தச் சோதனைகளுக்கு உழைப்பது நம் கணினி. உதிரிபாகம் செய்பவர்களின் கூடுதல் செலவும் விலையில் ஏறும். ஆக, அத்தகைய படமே பார்க்காதவரும் பணம் கட்டுகிறார் என்றார் குட்மன். மைக்ரோசாஃப்ட் 2007 ஜனவரியில் பதில் சொன்னது: பட உரிமையாளர் கேட்டால்தான் இந்தக் கட்டுப்பாடுகள் வேலை செய்யும், மற்றக் கோப்புகளுக்கு இல்லை. குட்மன் ஆவணங்களை மட்டும் வைத்து மிகைப்படுத்திவிட்டார் என்று சொன்னவர்களும் உண்டு.

ஆனால் கட்டுரை வந்த அதே மாதத்திலேயே எச்.டி. டிவிடியின் பூட்டைத் திறக்கும் வழி வெளியாகிவிட்டது. நகலெடுப்பவர் தப்பினார், காசு கொடுத்தவர் மாட்டிக்கொண்டார். வேலிக்குப் போட்ட முள் வீட்டுக்காரர் காலிலேயே தைத்த கதைதான்.

இதே கதை 2015-இல் மறுபடி நடந்தது. ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டுள்ள பழைய விளையாட்டுத் தட்டுகள் விண்டோஸ் 10-இல் ஓடவில்லை. இயங்குதளத்தின் ஆழத்தில் அமர்ந்த அந்தப் பூட்டே பாதுகாப்புக்கு ஓட்டையாகிவிட்டதால், மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. பிள்ளைகளுக்கென்று கடையில் வாங்கிய தட்டு வீணானது. பூட்டை நீக்கிய திருட்டு நகலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நியூசிலாந்தின் 2008 பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், நாம் வாங்கிய பாட்டு சிடியை நம் சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்க அனுமதிக்கிறது. திரைப்படத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

எனவே, படமோ விளையாட்டோ வாங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது எந்தக் கருவியில் ஓடும்? அந்தக் கருவி பழுதானால் நான் கொடுத்த பணம் என்னாகும்? விலைச் சீட்டில் இல்லாத செலவு அங்கேதான் இருக்கிறது.