வீ.சீ. காலத்துத் தகடு

எங்கள் வாப்பாவின் பழைய சைக்கிளில் ஒரு சின்னத் தகரத் தகடு இன்னும் கிடக்கிறது. வருடாவருடம் காசு கட்டி எடுத்த லைசென்ஸ். "இது இல்லாட்டி ரோட்டுல இறங்க ஏலா மகன்" என்பார். அதைக் கொடுத்த கிராம சபை இன்றில்லை. 'வீ.சீ.' என்றால்தான் ஊரில் பலருக்கு விளங்கும்.

அன்று கல்முனையில் பட்டின சபையும், கரைவாகு தெற்கு, வடக்கு, மேற்கு என மூன்று கிராம சபைகளும் இருந்தன. அவற்றின் எல்லைகளைப் பற்றி நாம் நிறையவே சண்டை பிடிக்கிறோம். உள்ளே என்ன வேலை நடந்தது என்று எழுதியவர் குறைவு.

சந்தைக் குத்தகை, மடுவம், சோலைவரி, பொதுக்கிணறு, மணல் ஒழுங்கை, கரத்தை லைசென்ஸ், தெருவிளக்கு. இவைதாம் சபையின் அன்றாடம். இறைச்சிக்கடைக் குத்தகை ஏலம் போகும் நாளில் ஊரே அங்கேதான் நிற்குமாம். விளக்கு எரியாவிட்டால் மனு எழுதத் தேவையில்லை. சுபஹு தொழுதுவிட்டு வரும் மெம்பரைப் பள்ளிவாசலடியில் மறித்துக் கேட்டால் போதும். (விளக்கு எரிந்ததா என்பது வேறு கதை.)

1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்தன. பிரதேச சபைச் சட்டம் வந்தது 1987இல். கூட்டறிக்கைப் புத்தகங்கள் எங்கே என்று ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவரிடம் கேட்டேன். "வெள்ளத்துல நனைஞ்சத குப்பையோட சேர்த்து எரிச்சாங்க, சேர்" என்றார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் மூத்தம்மாவின் பெட்டகத்தில் சோலைவரிப் பற்றுச்சீட்டு ஒன்று கிடந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவேன்.