பனியாறு செதுக்காத பள்ளத்தாக்கு: கொல்லிமலை ஐயாறும் அதன் நடைவழிகளும்

மலைப் பள்ளத்தாக்கு என்றதும் இன்றைய நடைப்பயணியின் மனத்தில் எழுவது பனியாறு குடைந்த நிலம். உத்தராகண்டின் ஹர்-கி-தூனிலோ கலிபோர்னியாவின் யோசெமிட்டியிலோ பனிக்கட்டி அகழ்ந்து அகலப்படுத்திய பள்ளத்தாக்கில், ஆற்றை ஒட்டியே நெடுந்தூரம் நடக்கலாம். பள்ளத்தாக்கின் தரையே வழியாகிறது. இதே வார்ப்பில் கொல்லிமலையையும் பார்க்கும் பழக்கம் பரவிவருகிறது. இம்மலையில் பள்ளத்தாக்கின் தரை வழியைத் திறப்பதில்லை, அடைக்கிறது. இங்குள்ள நடைவழிகளின் அமைப்பை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரந்த கொல்லிமலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் தனித்த துண்டு. மேற்பரப்பின் பெரும்பகுதி 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அலையலையாகக் கிடக்கும் மேட்டுநிலம். அடிப்பாறை சார்னோக்கைட். மேட்டின் உச்சிகள் சிலவற்றில் பாக்சைட் படிந்திருக்கிறது, ஒருகாலத்தில் அதை வெட்டியும் எடுத்தார்கள். சுரங்கக்காரருக்கு அது அலுமினியத் தாது. நிலவியலாளருக்கு அது ஒரு சாட்சி: வெப்பமும் மழையும் மிக நீண்ட காலம் பாறையை அரித்து உருமாற்றினால்தான் பாக்சைட் உருவாகும். பனியாறு ஊர்ந்திருந்தால் அந்த மேல்தோலை வழித்தெடுத்துப் போயிருக்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்திலும், தென்னிந்திய மலைகளில் பனியாறு இல்லை. நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவுகள் காட்டுவது வறட்சியையும் புல்வெளிகள் பரவியதையும்தான்.

அருவிகளை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். யோசெமிட்டியில் பெரிய பனியாறு முதன்மைப் பள்ளத்தாக்கை ஆழமாக அறுக்க, கிளைப் பள்ளத்தாக்குகள் உயரத்திலேயே தொங்கிப்போயின; அவற்றின் ஓடைகள் விளிம்பிலிருந்து விழுகின்றன. கொல்லிமலையில் எல்லாம் ஆற்றின் வேலை. மலைமேல் மெல்லச் சரியும் பள்ளங்களில் ஐயாறு நிதானமாக ஓடுகிறது. விளிம்பை அடைந்ததும் ஆகாய கங்கையாகச் சுமார் 300 அடி விழுகிறது. அதன்பின் இடுக்கில் இறங்கி, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. ஆக, ஒரே ஆற்றுக்கு இரண்டு பள்ளத்தாக்குகள். மேலே உள்ளதில் நெல் வயல், அதைச் சுற்றிய சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் விளையும் புன்செய். கீழே உள்ளது மனிதர் குடியிருக்க இடம் தராத பாறைப் பிளவு. இரண்டையும் அருவி துண்டிக்கிறது.

ஆற்றோடு நடந்து இம்மலையில் ஏற முடியாததற்கு இதுவே காரணம். தலைச்சுமையோடு போகிறவருக்குத் தேவை வழுக்காத தரையும் வெள்ளம் வராத தடமும். ஆகவே சந்தைக்குப் போன ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் பிளவை விட்டு விலகி, சரிவின் முனைகளைப் பிடித்து இறங்கின. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ‘நாடுகள்’ எனப்படும் ஊர்த்தொகுதிகள் ஒவ்வொன்றும் தன் பக்கத்துச் சரிவு வழியாகவே சமவெளியோடு உறவு கொண்டன: மேற்கே சேந்தமங்கலம், கிழக்கே துறையூர். நீரும் அப்படித்தான் பிரிகிறது. சுவேத நதி வெள்ளாற்றுக்கும், கரைப்போட்டனாறு காவிரிக்கும் போகின்றன. கொல்லிமலைக்கு ஒற்றை முன்வாசல் இருந்ததில்லை.

முன்வாசல் என்ற ஒன்றை உண்டாக்கியது சாலை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் அது, மலையின் முகத்தை மேற்கே திருப்பிவிட்டது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு லாரியில் இறங்கியது. சாமையின் பரப்பு சுருங்கியது. சாலையைக் குறைசொல்வதற்கில்லை, நோயாளியைத் தூளியில் சுமந்து இறக்கிய ஊர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சாலைக்கு முந்திய மலையில் ஊரே இல்லாததுபோல் எழுதும் சுற்றுலாக் குறிப்புகளை ஏற்க முடியாது. மலைமேல் உள்ள பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயில் தேவார வைப்புத்தலம், அதாவது தேவாரப் பாடல்களில் பெயர் சுட்டப்பட்ட தலம். வளைவு எதுவும் வெட்டப்படாத காலத்திலேயே சமவெளி அறிந்திருந்த ஊர் அது.

இன்று அந்தக் கோயிலருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் அருவிக்கு இறங்குகின்றன. கீழே புளியஞ்சோலையிலிருந்து ஓடைப் பாறைகளில் தாவி அருவியை நோக்கி ஏறும் ஆர்வலர்களும் உண்டு. பனிப் பள்ளத்தாக்கின் வழக்கம் கொல்லிமலைக்குள் நுழைந்த இடம் இதுதான் என்பேன். மேட்டுநிலத்தில் பெய்யும் மழை, இடுக்கில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரியாது. கீழே வெயிலடிக்கும்போதே நீர்மட்டம் உயரக்கூடும். முனைகளைத் தேர்ந்த பழைய பாதைகள் இந்த ஆபத்தை அறிந்தே விலகிப்போயின.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறியவர்களைப் பலிகொண்ட பின், தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. அவை விருந்தாளிக்கான விதிகள், தேவையானவையும்கூட. மலைவாசி கால்நடையாக இறங்கும் பாதையின் கணக்கு வேறு. அதை வழிவழி உரிமையாகக் கோர 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இடமுண்டு. கொல்லிமலையின் நடைவழிப் பதிவேடு ஒன்றை எழுதப் புகுந்தால், முனைவழியையும் ஓடைவழியையும் தனித்தனியே வகைப்படுத்தி, முன்னதை ஊரின் பெயரிலும் பின்னதை மழை மாதங்களில் மூடப்படும் தடமாகவும் குறிப்பதிலிருந்து தொடங்கலாம்.