'தனிப்பட்ட காரணம்' என்ற கட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில், வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசி நாளன்று பேசிப் படிவம் நிரப்புவது என் பொறுப்பு. ஏன் போகிறீர்கள் என்ற கேள்விக்கு ஐந்து கட்டங்கள்: சம்பளம், உடல்நலம், குடும்பம், மேற்படிப்பு, தனிப்பட்ட காரணம். சேரியிலிருந்து வந்த பிள்ளைகள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தைத்தான் காட்டினார்கள். தனி டம்ளரை எழுத அதில் வேறு இடமில்லை. நானும் டிக் அடித்தேன்.

பாபாசாகேப் வேலையை விட்டு வந்த இரண்டு சந்தர்ப்பங்களை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, 1917, பரோடா. மன்னர் சயாஜிராவின் உதவித்தொகையில் கொலம்பியாவில் படித்தவர், ஒப்பந்தப்படி அந்தச் சமஸ்தானத்தில் பத்தாண்டுகள் பணியாற்ற வந்தார். அலுவலகத்தில் சிப்பந்திகள் அவர் மேசைமீது கோப்புகளைத் தூக்கி எறிந்தார்கள் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். அரசு பங்களா கேட்டுக் கொடுத்த மனு அதிகாரிக்கு அதிகாரி நகர்ந்துகொண்டிருந்தது. பதினோராம் நாள் பார்சிகள் தடிகளோடு வந்து, மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. பொதுப்பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். பத்தாண்டு வேலை அப்படி முடிந்தது. பல ஆண்டுகள் கழித்து, 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று இன்று நாம் படிக்கும் குறிப்புகளில் அதை அவரே எழுத வேண்டியிருந்தது. அதை எழுதும்போதும் அவருக்குக் கண்ணீர் வந்தது.

இரண்டாவது, 1951. இப்போது அவர் இந்தியாவின் சட்ட அமைச்சர். செப்டம்பர் 27 அன்று நேருவுக்குப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அக்டோபரில் நாடாளுமன்றத்தில் காரணங்களைச் சொல்ல எழுந்தபோது, துணை சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார் அறிக்கையின் நகலை முன்கூட்டியே கேட்டார். போகிறவன் என்ன சொல்லப் போகிறான் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! அவர் மறுத்து வெளிநடப்புச் செய்தார். அறிக்கை பத்திரிகைகளுக்குப் போனது.

அந்த அறிக்கையை முழுதாகப் படியுங்கள். திட்டத்துறை தருவதாகச் சொல்லித் தரவில்லை. முக்கிய அமைச்சரவைக் குழு எதிலும் சேர்க்கவில்லை. பட்டியல் சாதியினர் நிலையில் அரசுக்கு அக்கறை இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு ஆணையம் இன்னும் அமைக்கவில்லை. வெளியுறவுக் கொள்கை தவறு. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நான்கு பிரிவுகள் நிறைவேறியதும் கைவிட்டார்கள். எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பலரும் மசோதாவை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பட்டியல் சாதியினர் பற்றிய பகுதியை மேடைகளில்கூட அதிகம் கேட்டதில்லை.

என்னை நிறுத்தியது வேறொரு இடம். அவர் அப்போது உண்மையிலேயே நோயாளி. உடல்நலம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் சங்கடமில்லை, மரியாதையாக வழியனுப்பியிருப்பார்கள். ஆனால் உடல்நலத்தால் விலகினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், நோய்க்காகக் கடமையை விடுகிறவன் நானில்லை என்று அறிக்கையிலேயே மறுத்துவிட்டார்.

என் படிவத்தில் அது இரண்டாவது கட்டம்.

அதைப் படித்த பிறகு, படிவத்தின் பின்பக்க வெற்றிடத்தில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதத் தொடங்கினேன். மூன்று படிவங்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது.