கேட்டுப் பெறும் தகவலும் திறந்து வைக்கும் தரவும்

"எங்கட பாடசாலைக்கு ஆசிரியர் பற்றாக்குறை." ஊர்க் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் குறைவு, பக்கத்துக் கோட்டத்தில் நிலைமை என்ன என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. இலக்கமில்லாத முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது அதிகாரிகளுக்கு இலகு.

மக்கள் பணத்தில் அரசு திரட்டும் தரவுகளை, யாரும் கேட்காமலேயே, எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் பகிரவும் கூடியவாறு வெளியிடுவதே திறந்த அரச தரவு. தனிநபர் விபரங்கள் இதில் அடங்கா. 2007 இல் அமெரிக்காவின் செபாஸ்டபோல் நகரில் கூடியோர் இதற்கு எட்டு அடிப்படைகளை வகுத்தனர். முழுமை, காலம் தாழ்த்தாமை, கணினி வாசிக்கக்கூடிய வடிவம் என்பன அவற்றுட் சில.

வடிவம் சிறிய விடயமல்ல. அட்டவணையை ஸ்கேன் செய்து பீடிஎப் ஆகப் போட்டால் பார்க்கலாம். கூட்டவோ ஒப்பிடவோ மீண்டும் கையால் எழுத வேண்டும். எக்செல் கோப்பாகத் தந்தால் க.பொ.த. உயர்தர மாணவனே சில நிமிடங்களில் கணக்கிடுவான்.

இலக்கம் வதந்திக்கும் மருந்தாகும். முஸ்லிம்கள் விரைவில் பெரும்பான்மையாகி விடுவார்கள் என்று பிரசாரம் செய்யப்பட்டபோது, தொகைமதிப்பு என்ன சொன்னது? சனத்தொகையில் முஸ்லிம்கள் 1981 இல் 7.6 வீதம், 2012 இல் 9.7 வீதம். 31 வருடங்களில் ஏறத்தாழ இரண்டு வீதப் புள்ளிகள். அதிகரிப்பை மறைக்கத் தேவையில்லை, அச்சத்துக்கும் இடமில்லை. தரவு பகிரங்கமாக இருந்ததால்தான் இந்தப் பதிலை எவரும் சொல்ல முடிந்தது.

வெளியிடப்படாதவற்றுக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறையில் உள்ளது. தமிழில் விண்ணப்பிக்கலாம், காரணம் கூறத் தேவையில்லை, மின்னணு வடிவிலும் கேட்கலாம். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

ஆனால் கேட்டுப் பெற்ற தகவல் ஒருவரின் கோவைக்குள்ளேயே முடங்கிவிடுகிறது. அடுத்தவர் மீண்டும் விண்ணப்பிக்கிறார். ஆகவே பள்ளி நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இரண்டு காரியங்கள் செய்யலாம்: பெற்றதை ஊரறியப் பகிர்வது, அதே தரவை வருடந்தோறும் திறந்த கோப்பாக வெளியிடுமாறு உரிய திணைக்களத்தை எழுத்தில் கோருவது.