பின்னாடி ரப்பர், டயர்ல 40 பி.எஸ்.ஐ... கொடைக்கானல் வளைவுல கார் ஏன் வால் வீசுது?

நிலக்கோட்டையிலிருந்து வத்தலக்குண்டு வரை ரோடு சமவெளிதான். எந்த கார் ஓட்டினாலும் நல்ல கார் மாதிரியே இருக்கும். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போதுதான் வண்டியின் உண்மையான குணம் தெரியவரும்.

வளைவில் முன் டயர்கள் முதலில் பிடியை இழந்தால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வெளிப்பக்கமாகவே போகும். இது அண்டர்ஸ்டீர். பின் டயர்கள் முதலில் இழந்தால் வால் வெளியே வீசும். இது ஓவர்ஸ்டீர். சாதாரண குடும்பக் கார்களை கம்பெனிகள் லேசான அண்டர்ஸ்டீர் இருக்கும்படிதான் செட் பண்ணுவாங்க. பயத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால், வேகம் குறைந்து கார் மெதுவாகத் தடத்துக்குத் திரும்பும். வால் வீசும் காரில் அதே பயம் ஆளைக் கவிழ்க்கும்.

இப்போ நம்ம ஊர் பழக்கத்துக்கு வருவோம். ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் இடிக்குதுன்னு காயில் ஸ்பிரிங் நடுவே ரப்பர் பஃபர் மாட்டுறோம், அதுவும் பின்னாடி மட்டும். வளைவில் கார் சாயும்போது உள்பக்கச் சக்கரத்தின் சுமை வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும். பின்பக்கம் விறைப்பானால், இந்த மாற்றத்தில் பெரும்பங்கு பின் டயர்கள் தலையில் விழும். டயரின் விசித்திரம் என்னன்னா, சுமை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாகாது. வெளிப்பக்க டயர் கூடுதலாகப் பெறும் பிடியைவிட உள்பக்க டயர் இழப்பது அதிகம். ஆக, பின்னாடி மொத்தப் பிடி குறையும். ரேஸ் டீம்கள் தெரிஞ்சே இந்த வேலையைச் செய்யும். முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரை விறைப்பாக்கினால் அண்டர்ஸ்டீர் கூடும், பின்பக்கத்தை விறைப்பாக்கினால் குறையும். நாம தெரியாமலே செய்றோம், அதுவும் மழை நாளில்!

டயர் காத்தும் இதே விளையாட்டுதான். 1960 மாடலாக வந்த அமெரிக்க செவர்லே கார்வேர் காருக்கு இன்ஜின் பின்னாடி. வால் வீசாமல் இருக்க முன் டயரில் வெறும் 15, பின் டயரில் 26 பி.எஸ்.ஐ வைக்கச் சொன்னது கம்பெனி. முன் டயர் தளர்வானால் அண்டர்ஸ்டீர் கிடைக்கும் என்பதுதான் கணக்கு. நாலுக்கும் ஒரே காத்து அடித்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு போச்சு. 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தால் இந்த கார் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

'மலை குளிர்ல காத்து இறங்கிடும், கூட அடிச்சுக்கோ'ன்னு ஒரு அட்வைஸ் உண்டு. 20 டிகிரி குளிர்ந்தால் சுமார் 3 பி.எஸ்.ஐ குறையும், உண்மைதான். ஆனா சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் கிட்டத்தட்ட அதே 3 அளவுக்குக் குறையும். அதனால கேஜில் ரெண்டும் ஏறக்குறைய கழிஞ்சிடும். 40 அடிச்சா தரையைத் தொடும் பரப்பு சுருங்குறதுதான் மிச்சம்.

நிலக்கோட்டை மல்லிகை மூட்டைக்குக் கனம் குறைவு. ஆனா அஞ்சு பேரும் லக்கேஜும் அப்படியில்ல. டிரைவர் கதவுப் பக்கம் இருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குன்னு தனி நம்பர் இருக்கும், பல கார்களில் பின் டயருக்கு அதிகமாக. காலையில் வண்டி ஓடுறதுக்கு முன்னாடி, டயர் சூடேறாத நேரத்தில் அதைப் பார்த்து அடிங்க. ரப்பரைக் கழற்றி வச்சிட்டு ஷாக் அப்சார்பரை செக் பண்ணுங்க. பாதி நேரம் இடிக்கிறதுக்குக் காரணமே அதுதான்.