மாற்றக் கோட்பாடும் அறிவுப் பகிர்வு மதிப்பீடும்

மாற்றக் கோட்பாடு என்பது ஒரு திட்டத்தின் செயற்பாடுகள் எந்தப் படிகளின் ஊடாக, எந்த எடுகோள்களின் அடிப்படையில், எதிர்பார்க்கும் மாற்றத்தை ஏற்படுத்தும் என்பதை விளக்கும் முறை ஆகும். பன்னாட்டு வளர்ச்சித் துறையில், ஆய்வு முடிவுகள், வேளாண் அறிவுரைகள், வானிலைத் தகவல்கள் போன்றவற்றைப் பகிரும் பணிகளை மதிப்பிடவும் இது பயன்படுகின்றது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமை 1960களின் இறுதியில் தருக்கச் சட்டகம் என்னும் அட்டவணை முறையைக் கைக்கொண்டது. ஒரு படியிலிருந்து அடுத்த படி ஏன் விளையும் என்பதற்கு அதில் இடம் குறைவு. ஒவ்வொரு திட்டத்தின் பின்னும் மறைந்துள்ள கோட்பாட்டை வெளிப்படுத்திச் சோதிக்க வேண்டும் என்று மதிப்பீட்டு அறிஞர் கரோல் வைசு 1995 இல் வலியுறுத்தினார். 1996 இல் உலக வங்கித் தலைவர் சேம்சு வூல்ஃபென்சன் அவ்வங்கி ஓர் 'அறிவு வங்கி' ஆகவேண்டும் என்றார். அறிவுப் பகிர்வுப் பணிகள் பெருக, அவற்றின் பயனை அறியும் தேவையும் கூடியது.

அளவிடுவதில் உள்ள சிக்கல்

அச்சிட்ட கையேடுகளையும் பயிற்சி பெற்றோரையும் எண்ணுவது எளிது. ஆனால் அவை வெளியீடுகள் மட்டுமே. பெற்ற தகவலை நம்புவதும் அதன்படி நடப்பதும் பயனரின் முடிவு. அது பகிர்வோரின் கட்டுப்பாட்டில் இல்லை. மேலும், அறிவு உடனடி முடிவுகளைவிட, மக்களின் சிந்தனையையே மெல்ல மாற்றுவதும் உண்டு.

எடுத்துக்காட்டு

எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. கடலோர ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இதன் மாற்றக் கோட்பாட்டைப் பின்வருமாறு வரையலாம்:

1. முன்னறிவிப்பு உரிய நேரத்தில் மையத்தை அடைகின்றது.
2. மீனவர் அதனைக் கேட்டுப் புரிந்துகொள்கின்றனர்.
3. தம் பட்டறிவோடு ஒப்பிட்டு அதனை நம்புகின்றனர்.
4. அலை மிகும் நாளில் கடலுக்குச் செல்வதைத் தவிர்க்கின்றனர்.
5. உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைகின்றன.

அறிவிப்புகளை எண்ணினால் முதற்படி மட்டுமே தெரியும். ஒருநாள் வருவாயை இழக்க இயலாதவர் அறிவிப்பை நம்பினாலும் கடலுக்குச் செல்லக்கூடும். நான்காம் படியின் எடுகோள் இவ்வாறு முறியுமிடத்தை அறிவதே மதிப்பீட்டின் பணியாகும்.

எதிர்பாராத விளைவுகள்

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் தந்த எச்சரிக்கை, புதுச்சேரியின் நல்லவாடு கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. மக்கள் வெளியேறி உயிர் தப்பினர். ஆழிப்பேரலை எச்சரிக்கைக்காக அம்மையம் அமைக்கப்படவில்லை. தொலைபேசி, ஊர் உறவு, அறிவிப்பைக் கேட்டு நடக்கும் பழக்கம் ஆகிய அனைத்தும் இதில் பங்காற்றின. ஆகவே, முன்னரே வரைந்த படிகளை மட்டும் தேடும் மதிப்பீடு முதன்மையான பயனைத் தவறவிடலாம்.

திட்டமே முழுக் காரணம் என்று கொள்ளாமல், பல காரணிகளுள் அதன் பங்கை ஆராயும் பங்களிப்புப் பகுப்பாய்வைச் சான் மெய்ன் முன்வைத்தார். மாற்றக் கோட்பாட்டைக் களச் சான்றுகளுக்கேற்பத் திருத்தி வருவது இன்றியமையாதது. நிதி பெறுவதற்காக ஒருமுறை வரைந்து மறக்கப்படும் கோட்பாடு மதிப்பீட்டிற்கு உதவாது.