ஆயாவுக்கு என்ன வந்தது?

திருவண்ணாமலையில் கிரிவலம் முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது கேட்டேன்: “ஆயாவுக்கு என்ன பெரிம்மா வந்துச்சு?”

“வயித்து வலிடா.” கொஞ்சம் கழித்து, “மார்ல கட்டி. நாப்பதுகூட ஆவல. வெளிய சொல்லாத, தங்கச்சிக்கு வரன் பாக்குறோம்ல.”

1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அதை மறைக்கவில்லை. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். சில குடும்பங்களில் மார்பகப் புற்றுநோய்க்கான காரணம் 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் மேரி-கிளேர் கிங் காட்டினார். அந்த பிஆர்சிஏ1 பிழை பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வர 50% வாய்ப்பு. முன்பே தெரிந்தால் இளம் வயதிலேயே எம்ஆர்ஐ பரிசோதனையைத் தொடங்கலாம். ஆனால் மரபணு ஆலோசனையில் ரத்தம் எடுப்பதற்கு முன்பே கேட்பது, வீட்டில் யாருக்கு, எந்த வயதில், என்ன புற்றுநோய் வந்தது என்பதைத்தான். எங்கள் வீட்டின் பதில், வயித்து வலி.

தங்கையிடம் அன்றிரவே சொல்லிவிட்டேன்.